விருந்தாளிக்கு மாட்டிய பில்லை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

பஸ் டிப்போவில் நேரம் குறித்தே தலை நரைத்துப்போன தங்கள் தங்கை கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் அந்த வரியை விட்டுவிட்டேன். முழுவதையும் படித்துவிட்டுத் தாங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். தங்கள் முழங்கால் வலியும் தங்கள் குளியலறைக் குழாயின் ஒழுகலும் இந்நேரம் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். நிற்காவிட்டால் இரண்டையும் ஒரே ஆளிடம் காட்ட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

நான் எதற்காக இங்கே வந்தேன் என்பது தாங்கள் அறிந்ததே. தாங்கள் தோளில் தூக்கிச் சுமந்த என் ஒரே மகள், குறும்பு தாங்காமல் தாங்களே 'வாலு' என்று பட்டம் வைத்த அந்தப் பெண், இந்தப் பாலைவனத் தாவரத் தோட்டத்தில் செடிகளுக்குப் பதிவு எழுதும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போனிலாவது வாயாடுவாள் என்றால் அதுவும் தேய்ந்துகொண்டே போனது. "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டால், "தெற்குப் பாத்தியில ஒண்ணு பூத்திருக்குப்பா" என்பாள். "நீ எப்படி இருக்கேன்னு கேட்டேன்" என்றால் போனை வைத்துவிடுவாள். உங்கள் தங்கை அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, "போய் அவளைக் கையோட கூட்டிட்டு வாங்க, இல்லேன்னா நீங்களும் அங்கயே கிடங்க" என்று ஆசீர்வதித்து என்னை வண்டி ஏற்றிவிட்டாள். அவள் வாக்கு எப்படிப்பட்டது என்று அவளோடு கூடப் பிறந்த தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வந்து இறங்கின அன்னைக்கே திரும்பி ஓடிடலாமான்னு ஆயிடுச்சு மச்சான். (இனிமேல் இலக்கணமா எழுத எனக்குப் பொறுமை கிடையாது, மன்னிச்சுக்குங்க.) கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் மணலு, சரளைக்கல்லு, அதுல பாத்தி பாத்தியா கள்ளி. பந்து மாதிரி ஒண்ணு, தட்டு மாதிரி ஒண்ணு, நெட்டையா கம்பம் மாதிரி ஒண்ணு. ஒவ்வொண்ணு காலடியிலயும் ஒரு தகரப் பில்லை. அதுல நம்பர், இனம், எங்கேயிருந்து வந்துச்சு, என்னைக்கு வந்துச்சு, யார் குடுத்தாங்க எல்லாம் அடிச்சிருக்கு. ஆளு நடமாட்டமே இல்ல. காத்து அடிச்சா பில்லைங்க எல்லாம் டிங் டிங்னு ஆடும், நின்னா நிக்கும், அவ்வளவுதான் சத்தம். கண்காணிப்பாளர்னு ஒருத்தர் வந்தார். பெரிய படிப்பு படிச்சவர், ஆனா கழுத்து சுளுக்கின மாதிரி எப்பவும் குனிஞ்சே நடக்கறார். நான் வாய் நிறைய வணக்கம் சொன்னேன். அந்த மனுஷன் என் மூஞ்சியைப் பாக்கல, என் செருப்பைச் சுத்திச் சுத்தி எதையோ தேடினார். அப்புறம் அப்படியே போயிட்டார். "என்னடி இது, இவருக்கு என்ன வியாதி?"ன்னு வாலுகிட்டக் கேட்டேன். "உன் பில்லையைத் தேடினார்ப்பா. இங்க எல்லாருக்கும் அதான் பழக்கம்"ன்னு சொன்னா. சொல்றப்போ அவளும் குனிஞ்சுதான் இருந்தா.

ஆனா அன்னைக்குச் சாயங்காலம் ஒரு கூத்து நடந்துச்சு. ஆபீஸ்ல பில்லை அடிக்கிற மெஷின் ஒண்ணு இருக்கு. டக்கு டக்குனு சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்த வாலு என் கழுத்துல ஒண்ணை மாட்டினா. கயித்துல கோத்த நிஜப் பில்லை. படிச்சுப் பாத்தேன்: 'இனம்: அப்பா. கிடைத்த இடம்: பஸ் டிப்போ. வழங்கியவர்: அம்மா.' கீழ நம்பரு. "வெளியாளு யாரு தங்கினாலும் பதிவுல ஏத்தணும்ப்பா, இது சட்டம். பில்லை இல்லாம உள்ள சுத்தினே, நீயும் கணக்குல வராத ஆளுதான்"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சா பாருங்க, நம்ம பழைய வாலு மாதிரியே! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. சரி, பொண்ணு கெட்டுப்போகல, ஒரு வாரத்துல கூட்டிட்டுப் போயிடலாம்னு மனசு குளுந்து போச்சு. குளிக்கப் போனாக்கூட அந்தப் பில்லையை நான் கழட்டல.

அது வருஷக் கணக்கெடுப்பு நேரமாம். ஒரு வருஷத்துல ஒவ்வொரு செடியும் எவ்வளவு வளந்திருக்குன்னு கோலை வெச்சு அளந்து எழுதணும். அவளுக்கு உதவிக்கு இருந்தவர் வேலையை விட்டுட்டு ஓடிட்டாராம், நான்தான் கோல் பிடிக்கிற ஆள். வெயில் மண்டையைப் பிளக்குது. நான் கோலை நிமித்திப் பிடிப்பேன், அவ குனிஞ்சு பில்லையைப் படிப்பா, எழுதுவா, அடுத்தது. வருஷம் பூரா ஒரு செடி வளந்தது ஒரு விரல்கடை. அதுக்கே கண்காணிப்பாளர் லாட்டரி விழுந்த மாதிரி "ஆகா ஆகா"ன்றார். நான் டிப்போவுல வண்டி நகரலேன்னா டிரைவரை வாங்கு வாங்குனு வாங்கினவன். இங்க நகராம நிக்கிறதுக்குப் பாராட்டு. போகட்டும்னு பாத்தா, மூணாம் நாளோ நாலாம் நாளோ, வாசல் கேட்டுக்குப் பக்கத்துப் பாத்தியில ஒரு கள்ளியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போறா. சரியா என் உயரம் இருக்கும் அது. ஒரே ஒரு கை, அதுவும் முழங்கை மடிச்சு, கதவைத் தட்டப் போற மாதிரி. "ஏம்மா, இதை அளக்கலையா?"ன்னேன். "எதைப்பா?"ன்னா. "இதைத்தான், உன் மூக்குக்கு நேரா நிக்குதே!" அவ அது காலடியைப் பாத்தா. "அதுக்கு நம்பர் இல்லியேப்பா"ன்னு சொல்லிட்டு, அது முள்ளு அவ தோள்ல உரசற தூரத்துல, அங்க எதுவுமே இல்லாத மாதிரி நடந்து போயிட்டா.

மறுநாள் அதே கள்ளி தண்ணித் தொட்டிக்கிட்ட நிக்குது. நான் கண்ணைக் கசக்கிப் பாத்தேன், கிட்டப் போய்ப் பாத்தேன், அதே மடக்கின கை. கேட்டுக்குப் பக்கத்துல போய்ப் பாத்தா குழி இல்ல, தடமும் இல்ல. அங்க தண்ணி விடறவர் ஒருத்தர் குழாயை உருட்டிக்கிட்டு இருந்தார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்காம வாய் புளிச்சுக் கிடந்த மனுஷன், நான் கேட்டதும் கொட்டித் தீத்துட்டார்.

"நீங்களும் பாத்துட்டீங்களா சார்? நாங்க அதை விருந்தாளின்னு சொல்லுவோம்."

"செடி எப்படிங்க நடக்கும்?"

"நடக்கறதை யாரும் பாத்ததில்ல சார். நிக்கறதைத்தான் பாத்திருக்கோம்."

"பிடுங்கித் தூரப் போட வேண்டியதுதானே?"

"கடப்பாரையை எடுத்துட்டு வர்றதுக்குள்ள வேற பாத்தியில நிக்கும்."

"அப்போ ஒரு பில்லையை மாட்டித் தொலைங்களேன், மத்ததெல்லாம் ஒழுங்கா நிக்குதுல்ல?"

"மாட்டினா நின்னுடும் சார். பதிவுல ஏறினது எதுவும் இங்க நகராது. ஆனா எங்கேயிருந்து வந்துச்சு, யாரு குடுத்தாங்கன்னு எழுதணும்ல? இது எங்கேயிருந்து வந்துச்சுன்னு யாரு எழுதுவா? நீங்க எழுதுறீங்களா?" அப்புறம் குரலைத் தணிச்சுக்கிட்டு, "உங்க பொண்ணு வேலைக்குச் சேந்தப்போ அது வெளி வேலிக்கிட்ட நின்னுச்சு சார். இப்போ கொஞ்சம் கொஞ்சமா நீங்க தங்கியிருக்கிற குவாட்டர்ஸ் பக்கமா வருது"ன்னார்.

"எதுக்கு வருது?"

"பாவம், யாராவது பாப்பாங்களான்னுதான். அதுக்கு ஆள் வேணும் சார்."

 அன்னையிலேருந்து வாலுவை நச்சரிக்க ஆரம்பிச்சேன். வேலையை விடு, ஊருக்குப் போலாம் வா, அம்மா உனக்காக ஏங்கிப் போய்க் கிடக்கான்னு காலையில ஒரு தடவை, ராத்திரி சோத்துத் தட்டுக்கு முன்னால ஒரு தடவை. "கணக்கெடுப்பு முடியட்டும்ப்பா"ம்பா. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லமாட்டா, கழுத்துல தொங்கற பில்லையைப் பாத்துச் சொல்லுவா. நானும் தகப்பன்தானே, கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "என் மூஞ்சி மேல இருக்குடி!"ன்னு கத்தினேன். "தெரியும்ப்பா"ன்னா, ஆனா நிமிரல. இதுக்கு நடுவுல அந்த விருந்தாளி ஆபீஸ் ஜன்னலுக்கு வெளிய ஒரு நாள், குவாட்டர்ஸ் போற பாதைத் திருப்பத்துல ஒரு நாள், நாங்க துணி காயப்போடற கொடிக்கிட்ட ஒரு நாள். கொடியில என் சட்டை தொங்குது, பக்கத்துல அது நிக்குது. துணி எடுக்கப் போன நான் ஒரு நிமிஷம் எது என் சட்டைன்னு குழம்பிட்டேன்னா பாத்துக்குங்க.

போன வாரம் நடந்ததைக் கேளுங்க. உச்சி வெயில், வாலு ஆபீஸ்ல இருக்கா. நான் சாப்பிட்டுட்டுக் கண்ணயந்து எழுந்து, மூஞ்சி கழுவ வெளிய போகலாம்னு கதவைத் தள்ளறேன், கதவு ஒரு சாணுக்கு மேல திறக்கல. இடுக்கு வழியா எட்டிப் பாத்தா, வாசப்படிக்கு நேரா நிக்குது மச்சான்! மடக்கின கை இடுக்குக்குள்ள நுழையறதுக்கு நூலிழைதான் பாக்கி. வெளிய ஒரு காக்கா குருவி கிடையாது. கூப்பிட்டாலும் யார் காதுலயும் விழாது. இன்னொரு நாள் விட்டா உள்ள வந்து என் பொண்ணு பக்கத்துல நின்னுடும்னு தோணுச்சு. அந்த நேரத்துல எனக்கு எங்கேயிருந்து அந்த யோசனை வந்துச்சோ தெரியல. என் கழுத்துல கிடந்த பில்லையைக் கழட்டி, இடுக்குல கையை விட்டு, முள்ளு குத்தி ரத்தம் வழிய வழிய, அது கையில மாட்டி, கொடிக்குக் கட்டினது போக உள்ள மிச்சம் கிடந்த கம்பியால நாலு சுத்துச் சுத்தி முறுக்கிவிட்டேன். எங்கேயிருந்து வந்துச்சு, யாரு குடுத்தாங்க எல்லாம் அதுல எழுதியிருக்குல்ல? அப்புறமென்ன, நில்லுன்னேன். நின்னுடுச்சு மச்சான்! அன்னையிலேருந்து ஒரு அங்குலம் நகரல. பெரிய படிப்பு படிச்சவங்க வருஷக்கணக்கா முழிச்ச விஷயத்தை, நேரம் குறிக்கிறவன் ஒரு நிமிஷத்துல முடிச்சேன். இதை உங்க தங்கச்சிகிட்டக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க.

அதைவிட அதிசயம், வாலு அடியோட மாறிட்டா. அன்னைக்குச் சாயங்காலம் வந்தவ வாசல்ல நின்னு, "என்னப்பா இன்னும் வெளியவே நிக்கறே?"ன்னு கேக்கறா. உள்ள கட்டில்ல உக்காந்திருந்த நான் "இங்கதானேம்மா இருக்கேன்"னு சிரிச்சேன். பழைய குறும்பு திரும்பி வந்துடுச்சுன்னு எனக்கு ஒரே சந்தோஷம். அதுலேருந்து தினமும் சாயங்காலம் வாசப்படியில உக்காந்து பேச்சுன்னா பேச்சு, அப்படி ஒரு பேச்சு. சின்ன வயசுல உங்க சைக்கிளைக் கிணத்துல தள்ளினது, இங்க தனியா இருந்து பயந்தது, அம்மாவை நினைச்சு அழுதது எல்லாம் சொல்றா. நான் உள்ளேயிருந்து "உம்" கொட்டுறேன். நேத்து "சரிப்பா, நீ சொன்னபடியே ஊருக்குப் போயிடலாம்"னு சொன்னா பாருங்க, எனக்கு உசிரே திரும்பி வந்துச்சு. வேலைக் களைப்பு போல, எனக்குத் தட்டு வைக்க மறந்துடறா, நானே போட்டுக்கறேன். காலையில வேலைக்குப் போறப்போ விளக்கை அணைச்சுட்டுக் கதவை வெளிப்பக்கம் பூட்டிட்டுப் போயிடறா, நான் ஜன்னல் வழியா இறங்கிக்கறேன். கண்காணிப்பாளர் வழக்கம்போல வணக்கத்துக்குப் பதில் சொல்றதில்ல. தண்ணி விடறவர் மட்டும் என் வெறுங்கழுத்தைப் பாத்துட்டு, "சார், உங்க பில்லை எங்க சார்?"னு பதறினார். நடந்ததைப் பெருமையாச் சொன்னேன். அவர் குழாயைக் கீழ போட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். பொறாமை. வேறென்ன?

ஆக, வந்த காரியம் பழம். வர்ற வெள்ளிக்கிழமை காலையில நானும் வாலுவும் வந்து இறங்கறோம். உங்க தங்கச்சியை என் தலகாணி உறையைத் துவைச்சுப் போடச் சொல்லுங்க. உங்க வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைங்க எல்லாரும் நல்லாப் படிச்சு, நல்லாத் தின்னு, யாரு கண்ணுலயும் படற மாதிரி வளந்து நிக்க இந்த மாமா தாத்தாவோட ஆசீர்வாதம்.

தங்கள் அன்பும் ஆதரவும் என்றும் நாடும்,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேல எழுதின கடைசிப் பத்தியை அடிச்சுடுங்க மச்சான். இப்போ வெள்ளிக்கிழமை காலை, வண்டி வாசல்ல நிக்குது. வாலு கிளம்பிட்டா. ஆனா கண்காணிப்பாளர் உத்தரவு போட்டு, வாசப்படிக்கு முன்னால இருந்த கள்ளியை வேரோட தோண்டி, பெரிய தொட்டியில வெச்சு, ஏத்தறதுக்குத் தூக்கிட்டு வந்தாங்க. கொஞ்ச நாளா அதுக்கு நடுவுல லேசாத் தொப்பை விழுந்திருக்கு, மேல கொஞ்சம் கூன். "பாத்துத் தூக்குங்க, அப்பாவுக்கு இடுப்பு வலி"ன்னு வாலு சொன்னா. நான் பக்கத்துலதான் நின்னேன். அப்போதான் மச்சான் எனக்கு எல்லாம் உறைச்சுது. ஓடிப் போய்ப் பில்லையைக் கழட்டப் பாத்தேன். வாலு என் கையைத் தட்டிவிட்டா. என் தோளுக்குப் பின்னால எங்கயோ பாத்துக்கிட்டு, "யாருங்க நீங்க? பதிவுல இருக்கிறதைத் தொடாதீங்க"ன்னு சொன்னா. பொறந்ததுலேருந்து என்னை 'வா போ'ன்னே கூப்பிட்ட பொண்ணு மச்சான். 

சரி, எப்படியாவது கூடவே வந்துடலாம்னு வண்டியில ஏறி மூலையில உக்காந்தேன். டிரைவர் என் மடியில தண்ணி கேனை வெச்சார், அதையும் பொறுத்துக்கிட்டேன். ஆனா வண்டி கிளம்பல. ஏத்தினதைச் சீட்டோட சரி பாத்தா ஒண்ணு அதிகமா வருதாம். இறக்கறாங்க, எண்ணறாங்க, ஏத்தறாங்க, மறுபடியும் ஒண்ணு அதிகம். வெயில் ஏறிடுச்சு. வாலு மூஞ்சி வாடிப் போய், "இன்னைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பாத்துக்கலாம்"னு சொல்ல வாயெடுத்தா. இன்னொரு நாள்னு விட்டா அவ வரவே மாட்டா, எனக்குத் தெரியும். நான் இறங்கிட்டேன். உடனே கணக்கு சரியாப் போச்சு.

இந்தக் கடிதத்தைத் தொட்டியில சரளைக்கல்லுக்கு அடியில சொருகறேன். முள்ளு குத்தாம எடுத்திருப்பீங்கன்னு நம்பறேன். வாலுவைத் திட்டாதீங்க, வந்து சேந்துச்சே குழந்தை, அது போதும். தொட்டிக்குத் தண்ணி அதிகம் ஊத்தாதீங்க, அழுகிடும். அதுவும் பாவம், ஆளில்லாம அலைஞ்சது. நானும் கிளம்பி வந்துக்கிட்டுதான் இருக்கேன், யாரும் பாக்காதப்போ கொஞ்சம் கொஞ்சமாத்தான் நகர முடியுது, நாளாகும். அதுவரைக்கும் ஒரே ஒரு உபகாரம் மச்சான். உங்க தங்கச்சியோட மூக்குக்கண்ணாடியை எங்கயாவது ஒளிச்சு வெச்சுடுங்க. அந்தப் பில்லையை அவ படிச்சுடக்கூடாது. அவ ஒருத்தியாவது, "இவர் எங்க போய்த் தொலைஞ்சார்?"னு கேட்டுக்கிட்டே இருக்கட்டும்.